அஜைலுக்கு மாறும் சிறு மென்பொருள் குழு: எங்கள் முன் இருந்த நான்கு வழிகள்

இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் நகரில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தை நடத்திவருகிறேன். என்னைத் தவிர 11 பேர் வேலை செய்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கான கொழுந்து நிறுவை, செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேடு, சம்பளக் கணக்கு ஆகியவையே எங்கள் முதன்மை வேலை. அவற்றோடு, ஏற்கெனவே விற்ற மென்பொருளுக்கான பராமரிப்பும், நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட ஓர் அலுவலகப் பதிவேட்டு வேலையும் கையில் இருக்கின்றன. தொடங்கிய நாள்முதல் ஒரே முறையில்தான் வேலை செய்துவந்தோம்: தேவைகளைக் கேட்டு எழுதுவோம், வாடிக்கையாளரிடம் கையொப்பம் பெறுவோம், வடிவமைப்போம், நிரல் எழுதுவோம், கடைசியில் சோதித்துக் கையளிப்போம். இதை விட்டு, மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, பயன்படுத்துபவரிடம் அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் அஜைல் அணுகுமுறைக்கு மாற வேண்டும் என்பதில் அலுவலகத்தில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. எந்த வழியாக மாறுவது என்பதில்தான் இரண்டு மாதங்கள் பேசினோம். கண்டியிலும் பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் இதே அளவான குழுக்கள் இதே கேள்வியோடு இருப்பதால், நாங்கள் எடைபோட்ட வழிகளையும் நான் வந்துசேர்ந்த முடிவையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மாறவேண்டிய காரணத்தை ஒரு பின்னேரம் எங்களுக்குக் காட்டியது. ஏழு மாதம் உழைத்து முடித்த நிறுவை மென்பொருளை ஒரு தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு டெப்லெட்டில் வைத்தோம். எங்கள் தேவை ஆவணத்தில் “ஒவ்வொரு தொழிலாளியினதும் நாளாந்த நிறை பதியப்பட வேண்டும்” என்று இருந்தது. நாங்களும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவு என்றே எழுதியிருந்தோம். ஆனால் அந்தத் தோட்டத்தில் காலை, பகல், பின்னேரம் என்று மூன்று தடவை நிறுக்கிறார்கள். பகல் நிறுவை பதிவானதும் காலை நிறுவை அழிந்துபோனது. கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திரையைப் பார்த்த ஓர் அக்கா, எங்கள் இளம் பொறியாளரிடம், “காலையில நிறுத்த பதினோரு கிலோ எங்க தம்பி?” என்று கேட்டார். அவருடைய அன்றைய பேர், அதாவது முழு நாட்சம்பளம், அந்தப் பதினொரு கிலோவில் இருந்தது. தம்பியிடம் பதில் இல்லை. அந்த ஒரு பதிவின் மேல்தான் மேலதிகக் கிலோக் கணக்கு, அரைப்பேர்க் கணக்கு, மாதாந்த அறிக்கை, சம்பளத்துண்டு எல்லாம் கட்டப்பட்டிருந்தபடியால் திருத்துவதற்கு ஐந்து வாரம் பிடித்தது. வேலை தொடங்கிய இரண்டாவது வாரத்தில், வெறும் நிறுவைத் திரையை மட்டும் அந்த மடுவத்துக்குக் கொண்டுபோயிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

இதை ஆவணத்தைச் சரியாக எழுதாததால் வந்த பிழை என்று சிலர் சொன்னார்கள். அது பாதி உண்மை. மறு பாதியைச் சம்பள விதிகள் காட்டுகின்றன. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் 1700 ரூபாய் என்று மற்றொரு வர்த்தமானி வெளியானது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. அந்த ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று முடிவாகியது. ஐந்து மாதங்களுக்குள் இப்படி அலைந்த ஓர் எண்ணை எந்த ஆவணத்திலும், எவ்வளவு கவனமாக எழுதினாலும், முன்கூட்டியே பிடித்துவைக்க முடியாது. எங்கள் துறையில் தேவை மாறுவதற்கு வாடிக்கையாளரின் மனம் மாறுவது மட்டும் காரணமன்று. வேலையின் இயல்பே அப்படி.

முதலாவது வழி, பழைய முறையிலேயே நின்று கட்டங்களை மட்டும் சிறிதாக்குவது. ஏழு மாத வேலையை மூன்று துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஆவணம், தனிக் கையளிப்பு என்று வைத்துக்கொள்வதாகும். இந்தக் கட்டம் கட்டமான முறைக்கு மூலம் என்று பலரும் காட்டுவது 1970இல் வின்ஸ்டன் ரொய்ஸ் எழுதிய கட்டுரையைத்தான். ஆனால் அந்தப் படத்தை வரைந்த கையோடு, இப்படி ஒரே ஓட்டமாகச் செய்வது ஆபத்தானது, தோல்வியை வரவழைக்கும் என்று அவரே எழுதிவைத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இருந்தாலும் இந்த வழியை நான் இகழமாட்டேன். தேவை உண்மையிலேயே நிலையாக இருக்கும் வேலைகளிலும், ஆவணத்தைக் கையளித்தால்தான் முதல் தவணைப் பணம் வரும் என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்களிலும் இது இன்றும் பொருந்தும். எங்கள் பதிவேட்டு வேலை அத்தகையது. அதன் படிவங்கள் பல ஆண்டுகளாக மாறவில்லை. ஆனால் தோட்டத்து வேலைக்கு இது போதாது. துண்டு சிறிதானாலும், ஒவ்வொரு துண்டிலும் சோதனை கடைசியில்தான் வருகிறது. ஆகவே மடுவத்தில் நேர்ந்தது மறுபடியும் நேரும், கொஞ்சம் குறைந்த செலவில்.

இரண்டாவது வழி, ஒரு நாளைக் குறித்துக்கொண்டு முழு அலுவலகத்தையும், வேலையை ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய, நிலையான காலச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறைக்கு மாற்றுவது. அலுவலகத்தில் பெரும்பாலானோர் முதலில் விரும்பியது இதைத்தான், அதற்குக் காரணமும் இருந்தது: பயிற்சிப் பொருட்கள் ஏராளம், வேலை விளம்பரங்களில் இந்தச் சொல் இருக்கிறது, எல்லோரும் ஒரே மொழியில் பேசலாம். இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்னும் மலை விடுதியில் கூடிய 17 பேர் எழுதிய அஜைல் அறிக்கை நான்கு விழுமியங்களையும் பன்னிரண்டு கோட்பாடுகளையும் மட்டுமே சொல்கிறது. எந்த முறையையும் அது விதிக்கவில்லை. ஸ்க்ரம் அதற்கு முன்பே, 1995இல், ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் முன்வைத்த ஒரு குறிப்பிட்ட முறை. ஆகவே ஸ்க்ரமை ஏற்காதவர் அஜைலை ஏற்காதவர் ஆகிவிடமாட்டார். இந்தத் தெளிவு இல்லாமல் நாங்கள் இரண்டு வாரங்களை வீணாக்கினோம்.

ஸ்க்ரமின் செலவையும் கணக்குப் பார்த்தோம். ஒரு மாத ஸ்பிரிண்டுக்குத் திட்டமிடல் 8 மணி நேரம், செய்ததைக் காட்டும் மீள்பார்வை 4, வேலை செய்த விதத்தைக் குழு திரும்பிப் பார்க்கும் பின்னோக்கு 3 என்பவை ஸ்க்ரம் வழிகாட்டி சொல்லும் உச்ச எல்லைகள். இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு இவற்றைப் பாதியாக்கினால் 4, 2, ஒன்றரை மணி நேரம். நாளொன்றுக்கு 15 நிமிடக் கூட்டம் பத்து நாட்களுக்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரம், அதாவது ஒருவருடைய 80 மணி நேர வேலையில் எட்டில் ஒரு பங்கு. பதினொரு பேருக்கு 110 மணி நேரம். பிழையை முன்னதாகப் பிடிக்கும் குழுவுக்கு இது வீண் செலவன்று. ஏழு மாத முடிவில் இழந்த ஐந்து வாரத்தோடு ஒப்பிட்டால் மலிவு. ஆனால் பராமரிப்பு வேலை செய்யும் நால்வருக்கு இந்தச் செலவால் ஒரு பயனும் இல்லை. தோட்டங்களில் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பள நாள் வரும்போது அவர்களின் தொலைபேசி ஓயாது. இரண்டு வாரத்துக்கு இதுதான் வேலை என்று அவர்கள் திங்கட்கிழமை எழுதிவைப்பது செவ்வாய்க்கிழமையே பொய்யாகிவிடும். மேலும், ஒரு குழுவில் பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. எனவே எங்களை எப்படியும் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

இந்த வழியில் என்னை மிகவும் தயங்கவைத்தது செலவன்று, காலைக் கூட்டம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் தொழிலாளர்கள் திரண்டு நிற்க, கணக்கப்பிள்ளையோ கங்காணியோ இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடும் இடம் அது. அங்கே பேசுபவர் ஒருவர். நிற்பவர்கள் கேட்டுக்கொண்டு போக வேண்டும். எங்கள் பதினொரு பேரில் எட்டுப் பேர் லயத்து வீடுகளிலிருந்து படித்து வந்தவர்கள்; அவர்களுடைய அம்மாமாரும் பாட்டிமாரும் வாழ்நாள் முழுவதும் பெரட்டில் நின்றவர்கள். கடந்த ஆண்டு மூன்று வாரம் காலைக் கூட்டத்தை வெள்ளோட்டம் பார்த்தோம். மூன்றாம் நாளே எல்லோரும் ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டு என் முகத்தைப் பார்த்து நிற்கத் தொடங்கினார்கள். “அண்ணே, இன்னைக்கு எனக்கு என்ன வேல?” என்று கேட்பது வழக்கமாயிற்று. நானும் யோசிக்காமல் பிரித்துக்கொடுத்தேன்.

அந்த மூன்று வாரத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சம்பளத்துண்டைச் சிறிய ரசீது அச்சியந்திரத்தில் தமிழில் அச்சிடும் வேலை ஒரு தம்பியிடம் இருந்தது. அந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துரு தெரியாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே விழுந்துகொண்டிருந்தன. முழுத் துண்டையும் படமாக மாற்றி அனுப்பினால் சரியாகும் என்பது பக்கத்து மேசையில் இருந்தவருக்குத் தெரியும். முன்பு வேறோரு வேலையில் அவர் அதைச் செய்திருக்கிறார். ஆனால் தம்பி நான்கு நாட்களும், “செஞ்சிக்கிட்டு இருக்கேன் அண்ணே” என்றே சொன்னார். சிக்கியிருக்கிறேன் என்று பதினொரு பேர் முன்னால் மேலாளரிடம் சொல்வது அவருக்குத் தவறை ஒப்புக்கொள்வதாகப் பட்டது. அவரில் குற்றமில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தை என்னிடம் கணக்கு ஒப்பிக்கும் கூட்டமாக நான்தான் ஆக்கினேன். ஸ்க்ரமின் காலைக் கூட்டம் குழுவுக்கு உரியது, மேலாளருக்கு உரியதன்று. நம்மூர்க் குழுக்களில் இந்த வேறுபாடு சொல்லிப் புரிவதில்லை. மேலாளர் அறையில் இருக்கும்வரை அது பெரட்டாகத்தான் இருக்கும். மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதையே நான் மேலே வைக்கிறேன்: கெட்ட செய்தி எந்த வழியில் சீக்கிரம் வெளியே வரும்?

மூன்றாவது வழி கன்பன். டொயோட்டாத் தொழிற்சாலையில் தைஇச்சி ஓனோ உருவாக்கிய முறையிலிருந்து மென்பொருளுக்கு வந்தது. புதிய பதவிகளும் கட்டாயக் கூட்டங்களும் இதில் இல்லை. இன்று வேலை எப்படி நடக்கிறதோ அதை அப்படியே ஒரு பலகையில் வரைந்து, ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய வேலைகளுக்கு ஒரு வரம்பு வைப்பதோடு தொடங்கிவிடலாம். அந்த வரம்புதான் இதன் உயிர். ஒரு திங்கட்கிழமை எங்கள் பராமரிப்புக் குழுவில் “நடந்துகொண்டிருக்கிறது” என்ற நிலையில் இருந்தவற்றை எண்ணினோம்: நான்கு பேரிடம் 27 வேலைகள். வாரத்துக்குச் சராசரியாக மூன்று முடிந்தன. ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதியின்படி, கையில் உள்ளவற்றின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும்: 27ஐ மூன்றால் வகுக்க ஒன்பது வாரம். அதே நால்வர், அதே வேகம், ஆனால் கையில் ஆறு வேலைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வைத்தால், எடுத்த வேலை இரண்டு வாரத்தில் முடியும். மற்ற வேலைகள் வெளியே வரிசையில் நிற்கும் என்பது உண்மை. ஆனால் வரிசை கண்ணுக்குத் தெரியும், எது முதலில் என்று தோட்டத்தோடு பேசித் தீர்மானிக்கலாம். முன்பு எல்லாவற்றையும் தொட்டுவைத்துவிட்டு எல்லோரிடமும் “செய்கிறோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மலைநாட்டுக்குக் கன்பன் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது எல்லோரும் ஒரே நேரத்தில் இணைவது நடவாத காரியமாக இருந்தது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும் நாட்களில் இப்போதும் பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருபவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பலகையில் எழுதிவைத்த நிலையை, தொடர்பு கிடைத்த நேரத்தில் பார்த்து வேலையைத் தொடரலாம்.

ஆனால் கன்பனுக்கு ஒரு குறை இருக்கிறது, அதைச் சிறிதாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டு என்று அது எவரையும் கட்டாயப்படுத்தாது. பேசக் கூச்சப்படும் ஒரு குழு, அட்டைகளை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே மாதக்கணக்கில் மடுவத்துப் பக்கம் போகாமல் இருந்துவிட முடியும். புதிதாக ஒன்றைக் கட்டும் வேலையில் அது பழைய தவறையே மீண்டும் கொண்டுவரும்.

நான்காவது வழி, ஒரு சிறு குழுவை மட்டும் முன்னோடியாக எடுத்து ஸ்க்ரமில் வைத்து, அதன் அனுபவத்தைப் பார்த்துப் பிறகு மற்றவர்களை மாற்றுவது. இழப்பு ஒரு குழுவோடு நிற்கும் என்பது இதன் வலிமை. இதில் வழக்கமாக நடக்கும் தவறு, திறமையான ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து அதில் போடுவது. அவர்கள் எந்த முறையிலும் நன்றாகத்தான் செய்வார்கள். அதைக் கொண்டு முறையைப் பற்றி எதையும் அறிய முடியாது. வெளியே நிற்பவர்களோ மாற்றாந்தாய்ப் பிள்ளைகளைப் போல உணர்வார்கள். ஆகவே ஆட்களை அல்ல, வேலையைத் தெரிவு செய்ய வேண்டும்: எந்த வேலையில் தேவை அடிக்கடி மாறுகிறதோ, எதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்துபவர் கையில் கொடுத்துப் பார்க்க முடியுமோ, அந்த வேலையை ஏற்கெனவே செய்துவருபவர்களே முன்னோடிக் குழு.

பெரிய நிறுவனங்களுக்கான சேஃப், லெஸ் போன்ற கட்டமைப்புகளை ஒரே பேச்சில் ஒதுக்கிவிட்டோம். பல குழுக்களை ஒரே திசையில் கொண்டுசெல்வதற்கானவை அவை; பதினொரு பேருக்குத் தேவையில்லை. பழைய கட்டங்களை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. வடிவமைப்பு மாதத்துக்கு ஸ்பிரிண்ட் ஒன்று என்று பெயரிட்டால், குழு புதிய சொற்களின் மேல் நம்பிக்கை இழப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. அந்த நம்பிக்கையை இரண்டாம் முறை பெறுவது கடினம்.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு காரியங்கள் முன்கூட்டியே தீர வேண்டும். ஒன்று ஒப்பந்தம். தோட்டத்து மொழியில் சொன்னால், இதுவரை நாங்கள் செய்தது கொந்தரப்பு: இவ்வளவு வேலைக்கு இவ்வளவு பணம். செய்த நாட்களுக்குப் பணம் என்ற நாட்பேர் முறை அஜைலுக்கு வசதியானது. ஆனால் செலவு எங்கே போய் முடியும் என்று தெரியாததால் எங்கள் வாடிக்கையாளர்கள் அதற்கு உடன்படவில்லை, அவர்கள் அஞ்சுவதில் நியாயமும் இருக்கிறது. இறுதியில், மொத்த விலையை நிலையாக வைத்துக்கொண்டு, புதிய ஒன்று உள்ளே வந்தால் அதே அளவான, இன்னும் தொடங்காத ஒன்று வெளியே போகும் என்ற ஒரு விதியை ஒப்பந்தத்தில் சேர்த்தோம். சம்பள விதி மாறினால் விலையைப் பற்றி மறுபடி பேச வேண்டியதில்லை; எதை விடுவது என்று பேசினால் போதும்.

மற்றது சோதனை. இதைப் பற்றித்தான் பேச்சில் யாரும் அக்கறை காட்டுவதில்லை. ஒரு புதிய பதிப்பைக் கையால் சோதிக்க எங்களுக்கு மூன்று முழு நாட்கள் வேண்டியிருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து வேலை நாட்களில் மூன்றைச் சோதனைக்கே கொடுத்தால் எந்தக் குழுவும் களைத்துப்போகும். களைத்த குழு சோதனையைத்தான் முதலில் கைவிடும். பிறகு மடுவத்தில் பழைய கணக்கும் உடையும். ஆகவே முதல் நான்கு வாரத்தில் புதிய வசதி எதையும் தொடாமல், பேர், அரைப்பேர், மேலதிகக் கிலோ, கழிவு ஆகிய சம்பளக் கணக்குகளுக்குத் தானியங்கிச் சோதனைகளை எழுதுவது என்று ஒதுக்கினோம். பழைய செக்ரோல்களிலிருந்து எடுத்த மூன்று மாதக் கணக்குகளே அதற்கான அளவுகோல். இந்த நான்கு வாரத்தைக் கொடுக்க முடியாத குழுவுக்கு நான் ஸ்க்ரமைப் பரிந்துரைக்கமாட்டேன். கன்பனோடு நிற்பது நல்லது.

இப்போது முடிவு. நான்கு வழிகளில் ஒன்றை முழு அலுவலகத்துக்கும் எடுக்கவில்லை. பதிவேட்டு வேலையில் இருக்கும் இருவர் அந்த ஒப்பந்தம் முடியும்வரை பழைய முறையிலேயே இருப்பார்கள். பாதி வழியில் அதை மாற்றுவதால் எவருக்கும் நன்மையில்லை. பராமரிப்புக் குழுவின் நால்வரும் கன்பனுக்கு மாறியாயிற்று; கையில் ஆறு வேலைக்கு மேல் இல்லை, சம்பள வாரத்தில் மட்டும் அவசர வேலைக்கென ஓர் இடம் கூடுதலாக உண்டு. நிறுவை மென்பொருளின் புதிய பதிப்பைக் கட்டும் ஐவர் ஸ்க்ரமில் இரண்டு வார ஸ்பிரிண்டுகளாக ஆறு செய்வார்கள், மொத்தம் 12 வாரம். அவர்களின் பணிப்பட்டியலுக்குப் பொறுப்பானவர், எங்களிடம் வருவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவர். நிரல் எழுதத் தெரியாது, ஆனால் எந்தக் கணக்கு பிழைத்தால் யாருடைய சம்பளம் குறையும் என்று அவருக்குத் தெரியும். இதுவரை வேலையைப் பிரித்துக்கொடுத்துவந்த மூத்த பொறியாளர், இனி தனக்கு என்ன வேலை என்று கேட்டார். நியாயமான கேள்வி அது. தானியங்கிச் சோதனைகளையும் தோட்டங்களுக்குப் பதிப்பை அனுப்பும் வழியையும் அவர் பொறுப்பில் விட்டோம். பிரித்துக்கொடுப்பதைவிடக் கடினமான வேலை, அவருக்கு அது பிடித்திருக்கிறது.

12 வாரத்தின் முடிவில் மூன்றைப் பார்ப்போம். எடுத்த ஒரு வேலை தோட்டத்தின் கைக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது, கொடுத்தவற்றில் எத்தனை பிழையோடு திரும்பி வருகின்றன, ஒருவர் சிக்கியதற்கும் அதை வாய்விட்டுச் சொன்னதற்கும் இடையில் எத்தனை நாள் கழிகிறது. மூன்றாவதை எந்தக் கருவியும் அளக்காது. பின்னோக்குக் கூட்டத்தில் அவர்களே தங்கள் நினைவிலிருந்து எழுதுவார்கள். அது நான்கு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறையாவிட்டால், மற்ற இரண்டும் நன்றாக இருந்தாலும் பராமரிப்புக் குழுவை ஸ்க்ரமுக்குக் கொண்டுவரும் பேச்சை எடுக்கமாட்டேன்.

முதல் ஸ்பிரிண்ட் வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. காலை ஒன்பதேகாலுக்கு ஐவரும் பலகை முன் கூடுவார்கள். அந்த 15 நிமிடமும் நான் கீழ்மாடியில் இருப்பேன். மீள்பார்வையை அலுவலகத்தில் வைக்கவில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை பின்னேர நிறுவைக்கு அதே கொழுந்து மடுவத்துக்குப் போகிறோம். டெப்லெட் தோட்டத்து ஆள் கையில் இருக்கும். எங்கள் ஐவரும் தராசுக்கு இந்தப் பக்கம் நின்று, கூடையை இறக்கிவிட்டுத் திரையைப் பார்ப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார்கள்.